நூலக முகப்பில் முருகையா வைத்த தலை

செகிஞ்சானிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநருக்கு அதைச் சொன்னவள் பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்கும் ஒரு பெண். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நடத்துநர் விசாரிக்கவில்லை. கோலாலம்பூருக்கு வடமேற்கே, கோலா சிலாங்கூர் நூலகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற சுதைப் பெண் வாயைத் திறந்துவிட்டாளாம். திறந்ததோடு நிற்கவில்லையாம். தவணை தாண்டியும் புத்தகத்தைத் திருப்பாதவர்கள் கீழே நடந்து போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம்.

“உங்க பேரும் இருக்கா சார்?” என்று பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார் நடத்துநர்.

இருந்தது. வாய்க்கால் கரைகளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம், பதினொரு நாள் தாமதம். ஆனால் நான் பயந்தது புத்தகத்துக்காக இல்லை. அந்தப் பெண்ணின் தலை புதுத் தலை. வைத்தவர் முருகையா என்கிற கொத்தனார். அந்த முகப்புக்கான வரைபடத்தின் வலது மூலையில் இருப்பதோ என் கையெழுத்து. நான் திருநெல்வேலியிலிருந்து தஞ்சோங் காராங் வாய்க்கால் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த வரைவாளன். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை அனுமதியோடு அயல்நாட்டில் இருப்பவன், அந்நாட்டு அரசாங்கக் கட்டடம் ஒன்று வாயைத் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? மீதி வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.

முருகையாவுக்கு அப்போது, 1986இல், ஐம்பத்தாறு வயது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிறந்த கை என்றுதான் அவரை எல்லாரும் நினைத்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்ட கடல் தாண்டி ஊரிலிருந்து ஸ்தபதி ஒருவர் வந்தபோது முருகையா மணல் சுமந்தார். ஸ்தபதி காய்ச்சல் கண்டு, இரண்டாம் நிலையை முடிக்காமலே கப்பலேறிவிட்டார். கோபுரத்தில் பதினான்கு உடம்புகள் முகமில்லாமல் நின்றன. திருவிழாவுக்கு மூன்று வாரம். “நீதான் கூட இருந்தியே, நீயே வச்சிரு” என்றார்கள் கோயில் கமிட்டிக்காரர்கள்.

அங்கேதான் முருகையாவின் குறை வெளிப்பட்டது. அவருக்குக் கற்பனையாக ஒரு முகம் செய்ய வராது. யாரையாவது பார்த்துத்தான் செய்ய வரும். “நெனச்சு செய்யுறது எனக்கு ஆகாது சார். பாத்துச் செய்யத்தான் கை ஓடும்” என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே துவாரபாலகருக்கு, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் சிவானந்தத்தின் முகம் வந்தது. உருட்டிய விழி, முறுக்கிய மீசை. கையில் கதாயுதம் வேறு. மண்டோருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். காளியின் காலடியில் கிடந்த அசுரனுக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் எதற்கெடுத்தாலும் ஊசி போடுகிற டிரெசரின் முகம். அவர் வாரா வாரம் கும்பிட வருவார், ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதை முருகையா இந்த டிரெசரிடம்தான் கற்றுக்கொண்டாராம்.

அம்மன்களுக்கெல்லாம் மனைவி சின்னத்தாயின் முகம். இஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வரை ஏழெட்டுக் கோயில்களில் சின்னத்தாய் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. “என் மூஞ்சிக்கு ஊரெல்லாம் கொடம் கொடமா பாலு ஊத்துறான். எனக்கு ஒரு தேத்தண்ணிக்குப் பாலு வாங்கி வைக்க இந்த மனுசனுக்கு நெனப்பு வரல” என்பார் அவர்.

ஆனால் கோயில் வேலையில் ஒரு சங்கடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி வரும். புதுக் கொத்தனார் வருவார், பழைய முகத்தின்மேல் புதுச் சாந்தை அப்புவார், வர்ணம் அடிப்பார். மண்டோர் போய் யாரோ ஒரு சினிமா நடிகர் நிற்பார். முருகையா வைத்த முகங்களில் பாதிக்குமேல் அப்படி மூடப்பட்டுவிட்டன. அவர் அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் கோலா சிலாங்கூர் நூலகத்து வேலை வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இங்க பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துவாங்களாம்மா?”

“இஞ்ச ஒண்டும் மாத்த மாட்டினம். ஐம்பது வருசமா மின்விசிறியே மாத்தேல்லை” என்றார் நூலகர் மிஸ் கமலாதேவி.

“அப்ப நான் செய்யுறேன்.”

நூலகம் மலையடிவாரத்தில் இருந்தது. தோட்டத் துரைமார் தங்கள் மன்றத்துக்கென்று கட்டியது. முன்னால் நான்கு தூண், தூணின் தலையில் சுருண்ட இலைகள், அவற்றுக்குமேல் முக்கோண முகப்பு. முக்கோணத்தின் நடுவில், மடியில் விரித்த புத்தகத்தோடு ஒரு வெள்ளைக்காரச் சுதைப் பெண். உள்ளே கூரையைச் சுற்றிப் பூமாலை போலச் சாந்து வேலை. சுவரில் விசிறி வடிவக் காற்றுத்துளைகள். இவற்றையெல்லாம் அளந்து வரைய மிஸ் கமலாதேவி என்னைப் பிடித்தார். நூலகத்தில் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி எடுத்துப் படிக்கிற வரைவாளன் நான் ஒருவன்தான், மாட்டிக்கொண்டேன்.

முந்தின வருட மழையில் மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்து பெண்ணின் தலை போய்விட்டது. கிளை முறிந்ததற்குக் காரணம், மலையிலிருந்து இறங்கிவந்த குரங்குக் கூட்டம் முழுவதும் அதில் ஏறி உட்கார்ந்தது என்று கங்கா சொல்வாள். கங்கா முகப்பு மேசையில் புத்தகத்துக்குத் தேதி குத்துகிற பெண். தலை நாற்பது துண்டாகிவிட்டது. துப்புரவுக்காரர்கள் அதைக் கூட்டி லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மேலிடம் பழுதுபார்க்க அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை: பழையது எப்படி இருந்ததோ அப்படி. பழையதற்குச் சாட்சி ஒரே ஒரு திறப்புவிழாப் புகைப்படம். அதில் பெண்ணின் முகம் அரிசிமணி அளவு. போதாக்குறைக்கு அரிசிமணியின்மேல் நிழல்.

முருகையா புகைப்படத்தைக் கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். “பாத்துட்டேம்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

சாரத்தில் ஏறியதும் அவருக்குக் கட்டடத்தின்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. “தூணத் தட்டிப் பாருங்க சார், டொக்கு டொக்குங்குது. உள்ள ஒண்ணுமே இல்ல. நம்ம கோயில்ல ஒரு கிளிப் பொம்மைக்குக்கூட உள்ள செங்கல் வச்சிருப்போம்.” ஆனால் பெண்ணின் பாதத்தை அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். இறங்கிவந்து சொன்னார்: “காலச் செஞ்சவன் கைக்காரன். கட்டவிரலவிட ரெண்டாவது விரலு நீளம். எவளோ ஒருத்தியோட காலு சார் அது. பாத்துத்தான் செஞ்சிருக்கான். அவனும் நம்ம கேசுதான்.”

நான் வரைபடத்தில் முகத்தை வெறும் முட்டை வடிவமாக விட்டேன். கோழைத்தனம்தான். ‘உள்ளபடி’ என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை நடந்த மூன்று வாரமும் தலைக்குமேல் ஒரு சாக்கு தொங்கியது. கோயிலில் செய்வதுபோலத்தான். முகத்தில் மற்றதெல்லாம் முடிந்து, கடைசியாகக் கண் திறக்கிறவரை யாரும் பார்க்கக் கூடாது. முருகையாவே சாக்குக்குள் தலையை நுழைத்து வேலை செய்வார். மிஸ் கமலாதேவிக்கு இது பிடிக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பகல் ஒரு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலுக்கு ஒரு தடவை படியில் வந்து நிற்பார். குடையைச் சாய்த்துப் பிடித்து, அண்ணாந்து, சத்தம் போடுவார்.

“முருகையா! உந்தச் சாக்கை ஒருக்கா விலத்துங்கோ, பாப்பம்!”

“கண்ணு தொறக்காம காட்டக் கூடாதும்மா!”

“உது கோயிலுக்கு. இது லைப்ரரி!”

“எனக்கு ரெண்டும் சாந்துதாம்மா!”

“நான் றிப்போட் எழுத வேணும்! பாக்காமல் என்னெண்டு எழுதுறது?”

“பழையபடியே இருக்குன்னு எழுதுங்க லா!”

தவணை நாள் வந்ததும் மிஸ் கமலாதேவி அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். பத்தொன்பது வருட வேலையில், பார்க்காமல் அவர் எழுதிய ஒரே வாக்கியம் அது என்று பிறகு என்னிடம் சொன்னார். 

மறுநாள் வெள்ளிக்கிழமை. முருகையா குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, சாரத்தில் ஏறி, சின்ன உளியால் விழியைக் கீறினார். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார். சாக்கை உருவினார்.

மிஸ் கமலாதேவி நெடுநேரம் பார்த்தார். “வடிவா வந்திருக்கு. வாய்தான் ஏன் திறந்துகிடக்கு?”

“போட்டோவுல அப்பிடித்தாம்மா தெரிஞ்சிச்சு.”

“எங்கேயோ பாத்த முகம் மாதிரி… எங்கட பெரியம்மா ஒராள் கோலா குபு பாருவில இருந்தவ. அவவின்ர சாயல்.” திருப்தியோடு உள்ளே போய்விட்டார்.

கங்கா அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே உட்கார்ந்திருந்தது மிஸ் கமலாதேவியேதான். மேல்நோக்கிய முகவாய், சுருங்கிய புருவம், இன்னும் ஒரு வார்த்தை மிச்சமிருக்கிற வாய். காதோரம் நரை தொடங்குகிற இடத்தில் சுருளும் அந்த ஒற்றைமுடியைக்கூட விடவில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, அவர் ஒருவரைத் தவிர. யாரும் சொல்லவில்லை. ஆனால் விளைவுகள் இருந்தன. ஆறு மாதமாகக் காணாமல்போன புத்தகங்கள் காலையில் பின்வாசலில் கயிறு கட்டிக் கிடந்தன. வாசலில் நின்று அரட்டை அடிப்பவர்கள் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார்கள். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பழைய தலையின்மேல் உட்கார்ந்து பேன் பார்த்த குரங்குகள் இந்தத் தலைக்கு மூன்றடி தள்ளியே உட்கார்ந்தன. “சனத்துக்கு இப்பதான் ஒழுங்கு வந்திருக்கு” என்றார் மிஸ் கமலாதேவி. அந்த ஒழுங்குதான் பாசிர் பெனம்பாங் போய், மீன் கூடையில் ஏறி, பேருந்து வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, மகாதேவா வந்தார். பழைய அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்துச் சான்று எழுதுகிற கட்டடக் கலைஞர், கோலாலம்பூர்க்காரர். பூமாலைச் சாந்து வேலையில் சில இடம் பாக்கி என்று முருகையா சாரத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார். மகாதேவா என் வரைபடத்தை விரித்து முட்டையைப் பார்த்தார். அண்ணாந்து முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மிஸ் கமலாதேவியைப் பார்த்தார். 

“மிஸ் கமலாதேவி, ஒருக்கா அந்தப் படியில நில்லுங்கோ.”

“ஏன்?”

“சும்மா. மேல பாத்து, சாரத்தை ஏன் இன்னும் கழட்டேல்லை எண்டு அந்த மனுசனிட்ட கேளுங்கோ.”

கேட்கச் சொன்னால் போதாதா? அவர் குடையைச் சாய்த்தார். “முருகையா! உந்தச் சாரத்தை ஏன் இன்னும்…”

“காணும். அப்பிடியே நில்லுங்கோ. அசையாதையுங்கோ.”

மேலே ஒரு வாய் திறந்திருந்தது. கீழே ஒரு வாய் திறந்திருந்தது. நடுவில் முருகையா சாந்து பூசும் கரணையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். கங்கா மீண்டும் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். மிஸ் கமலாதேவி மகாதேவாவின் பார்வை போகிற வழியை ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை தன்னிடமும் தொடர்ந்தார். குடை கையிலிருந்து விழுந்தது.

“ஐயோ” என்றார் மெல்ல. “அது பெரியம்மா இல்லை.”

மகாதேவா கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நிதானமாகப் பேசினார். “பழையபடியே எண்டு நீங்கள் எழுதித் தந்திருக்கிறியள். நாளைக்கு ஆராவது, நூலகர் தன்ர சிலையை அரசாங்கக் கட்டடத்தில வச்சிட்டா எண்டு எழுதினால்? தலையை இறக்க வேண்டித்தான் வரும். கழுத்தோட நிப்பாட்டி, மேல ஒரு சிமெண்டுப் பூச்சாடி வைக்கலாம்.”

“பூச்சாடியா?” முருகையா சாரத்திலிருந்து ஒரே தாவலில் இறங்கிவிட்டார். “சார், ஒண்ணு கேக்கவா? முன்ன இருந்த தலை யாரோடது?”

“அது ஒருத்தரும் இல்லை. கல்வி எண்டதுக்கு ஒரு உருவம்.”

“கல்விக்குக் கட்டவிரலு சின்னதா இருக்குமா சார்? மேல ஏறிக் காலப் பாருங்க. அதுவும் எவளோ ஒரு வெள்ளக்காரிதான். அவள வச்சப்போ எவனும் ஒண்ணும் கேக்கல. அவ இந்த லைப்ரரிக்கு ஒரு நாளு வந்திருப்பாளா? ஒரு புத்தகத்தத் தூசி தட்டியிருப்பாளா? இந்தம்மா தெனம் தட்டுறாங்க.”

மகாதேவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பதில் தேடுகிற மனிதர் என்பது தெரிந்தது. கடைசியில் மிஸ் கமலாதேவியிடம் திரும்பினார். “வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான் ஃபோன் எடுப்பன். ஒரே கேள்விதான் கேப்பன். அது உங்கட முகமோ, இல்லையோ? இல்லையெண்டு நீங்கள் சொன்னால் நான் கையெழுத்து வைக்கிறன். ஓமெண்டால் தலை இறங்கும். உங்கட சொல்லை நான் சந்தேகப்பட மாட்டன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மிஸ் கமலாதேவி ஒரு நாள் தவணைக்குக்கூடப் பொய்த் தேதி குத்தாதவர்.

செவ்வாய்க்கிழமை காலை நான் புத்தகத்தைத் திருப்பப் போனபோது நூலகம் திறக்கவில்லை. எதிர்ச் சாரி மரத்தடியில் ஒரு குடை தெரிந்தது. அதற்குக் கீழே மிஸ் கமலாதேவி. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இடதுபக்கம் சாய்த்துப் பார்த்தார், வலதுபக்கம் சாய்த்துப் பார்த்தார். காதோரத்து முடியை விரலால் தொட்டுப் பார்த்தார், தன்னுடையதை. என்னைக் கண்டதும், “மரத்தில கிளை முறியுமோ எண்டு பாக்கிறன், தம்பி” என்றார். கிளை அவருக்குப் பின்பக்கம் இருந்தது.

உள்ளே வந்ததும் கங்காவிடம் கேட்டார்: “எல்லாருக்கும் தெரியுமோ?”

“மீன்காரங்களுக்கே தெரியும் மிஸ்.”

“ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“புக்கு லேட்டுன்னு கத்துவீங்கன்னு பயம் லா மிஸ்.”

பகலில் முருகையா வந்தார். மிஸ் கமலாதேவி மேசைக்கு எதிரில் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காராமல் நின்றார். சாந்து ஒட்டிவிடும் என்றார்.

“ஏன் என்ர முகத்தை வச்சனீங்கள்?”

“வேற எந்த மூஞ்சிம்மா எனக்குத் தெரிஞ்சிச்சு?” என்றார் முருகையா. “மேல நின்னு பாத்தா சனங்களோட உச்சந்தலைதான் தெரியும். வழுக்கை, குடை, கூடை. மூணு வாரத்துல அண்ணாந்து மூஞ்சியக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். அதுவும் தெனம் மூணு வேளை.”

மிஸ் கமலாதேவி மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்து, தேதிச் சக்கரத்தைச் சுற்றினார். பிறகு பழைய தேதிக்கே திருப்பி வைத்தார்.

“எனக்குப் பொய் சொல்ல வராது.”

“அப்ப தலை எறங்கணும்.”

“நீங்கள் இறக்குவியளோ?”

“மாட்டேன். வேற ஆளப் பாருங்க. என் கையால வச்சத நான் ஒடைச்சதில்ல. மத்தவன்தான் மேல பூசிட்டுப் போவான்.”

 பிறகு மிஸ் கமலாதேவி, யாரோ ஒரு வாசகரைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டார்: “அந்த வாயை மூட ஏலுமோ?”

முருகையா யோசித்தார். “மூடலாம். மூடினா அது நீங்க இல்லம்மா.”

கங்கா மேசைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினாள்.

“அதுதான் கேக்கிறன்” என்றார் மிஸ் கமலாதேவி. “மூடினால் அது நான் இல்லை. நான் இல்லையெண்டு சொல்லலாம். அது பொய் இல்லை. தலையும் நிக்கும்.”

சட்டப்படி எனக்கு அதில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் முருகையா தலையைச் சொறிந்தார். கண் திறந்த முகத்தில் கரணை படக் கூடாதாம். படவேண்டுமென்றால், கோயிலில் திருப்பணிக்குமுன் செய்வதுபோல, உள்ளே இருப்பதை ஒரு கும்பத்துத் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துணியால் கட்டிவிட்டுத்தான் தொடலாமாம்.

“என்ன இருக்குது உள்ளே? சிமெண்டுதானே?” என்றேன்.

“நீங்க போட்ட முட்டையில ஒண்ணும் இல்ல சார். நான் வச்சதுல இருக்கு.”

வியாழக்கிழமை எட்டு மணிக்கே மழை. முருகையா சின்னத்தாயின் பித்தளைச் சொம்பை மழைச்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தார். மழை விட்டபோது மணி பத்தே கால். சொம்பில் தண்ணீர் ஊற்றி, மாவிலை செருகி, மேலே கொண்டுபோய் அந்த நெற்றியில் ஒரு நூலைத் தொட்டு, நூலின் மறுமுனையைத் தண்ணீரில் நனைத்தார். இறங்கிவந்து சொம்பை மிஸ் கமலாதேவியின் கைகளில் கொடுத்தார்.

“ரெண்டு கையாலயும் புடிங்க. முடியுற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது.”

“எங்க ஊர்ல நெல்லுமேல வைப்பாங்களே” என்றேன்.

“உங்க ஊர்ல நெல்லு இருக்கு சார். இங்க லைப்ரரி” என்றார் அவர். அந்த விதியை அவர் அந்த நிமிடத்தில்தான் உண்டாக்கினார் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன். மூக்கு நுனியில் ஒரு சிரிப்பு இருந்தது.

மிஸ் கமலாதேவி சிறுவயதில் திருமுறை மனப்பாடம் செய்தவர். தோட்டத்துக் கோயில் வழக்கங்களைக் கேட்டால் உதட்டைச் சுழிப்பவர். இப்போது சொம்பை ஏந்திக்கொண்டு வாசற்படியில், தூணுக்குப் பக்கத்தில் நின்றார். முருகையா ஏறி, கண்ணை வெள்ளைத் துணியால் கட்டி, கரணையில் ஈரச் சாந்தை எடுத்தார்.

கீழுதடு உயரத் தொடங்கியது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது ஒரு விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அந்த முகம் சத்தம் போடவில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மிஸ் கமலாதேவியாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. இன்னும் ஒரு கரணை சாந்து, அவ்வளவுதான் மிச்சம்; அதோடு அது அவர் இல்லை என்றாகிவிடும்.

எதிர்ச் சாரியில் நடப்பதையே விட்டுவிட்டு ஆட்கள் நின்று பார்த்தார்கள். தபால்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். “என்னா லா, அம்மா வாயையே மூடுறீங்க?”

மிஸ் கமலாதேவியின் காதில் அது விழுந்தது. சொம்பிலிருந்து கண்ணை எடுத்து எதிர்ச் சாரியைப் பார்த்தார்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

கங்கா ஓடினாள்.

“கங்கா, எடுக்காதை.”

“மிஸ், கோலாலம்பூர் கால் லா! பதினொரு மணி!”

“எனக்குக் கேக்குது.”

“நீங்க வந்து எடுங்க மிஸ்!”

“என்ர கையில சொம்பு இருக்கு.”

சொம்பை வைக்கப் பக்கத்திலேயே படி இருந்தது, தூணின் அடியில் பீடம் இருந்தது, நான் இருந்தேன். நான் இரண்டு கையையும் நீட்டினேன். நீட்டும்போதே, கட்டடம் என் வரைபடப்படி இல்லாமல்போன நேரத்தில் அரசாங்கத் தொலைபேசிக்கு இவ்வளவு அருகில் ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தோன்றியது. அவர் சொம்பைத் தரவில்லை. மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மேலேயிருந்து முருகையா குனிந்து பார்த்தார். கரணையில் கடைசிச் சாந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“சாந்து காயுதும்மா! மூடவா, விடவா?”

மிஸ் கமலாதேவி அண்ணாந்தார்; புருவம் சுருங்கியது, மேலே மூடப்போகிற அந்த வாயைப்போலவே அவர் வாய் திறந்தது. என்ன சொல்லப்போகிறார் என்று எதிர்ச் சாரியே காத்திருந்தது. தொலைபேசி ஒருதடவை நின்றுவிட்டதுபோலத் தயங்கி, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.